கங்காணி வீட்டுச் சாவி

மதினி, இன்று காலை நானுஓயா ஸ்டேஷனில் பினாயில் வாசம் குப்பென்று அடித்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு உங்கள் நினைவு வந்து சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. செத்து ஒரு வருடம்கூட ஆகாத அண்ணன் பெண்சாதியை இந்த வாசத்திலா நினைப்பது என்று நீங்கள் கோபிக்கலாம். கோபித்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் புதிதாகக் கக்கூசு கட்டியபோது எல்லோரும் போய் வேடிக்கை பார்த்தோம். ஆனால் அழுக்காகிவிடும் என்று பூட்டுப் போட்டு, சாவியைக் கங்காணி வீட்டில் வைத்தார்கள். ஓர் ஆம்பிளையிடம் போய் எந்தப் பெண் அந்தச் சாவியைக் கேட்பாள்? விடியுமுன் பழையபடி தேயிலைக்குள்தான் போனோம். அட்டைக் கடியோடு திரும்பினோம். அப்போது நான் நிறைமாதம். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி விழுந்தேன். பிள்ளை அசைகிறதா என்று என் வயிற்றில் கைவைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அது அசைந்த பிறகுதான் உங்களுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்துத் துரையும் ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, கங்காணியிடம் நேரே போனீர்கள்.

“கக்கூசு சாவியக் குடுங்க. போயிட்டு வந்துதான் கொழுந்தெடுக்க மலைக்குப் போவேன்.”

நீங்கள் மெதுவாகப் பேசினாலே அடுத்த லயத்துக்குக் கேட்கும். அன்று மெதுவாகவும் பேசவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் பின்னால் ஒருத்தி வந்து நின்றாள், பிறகு இன்னொருத்தி, பிறகு கூடையோடு எல்லாப் பெண்களும். என்ன கூட்டம் என்று துரை கேட்டார். கங்காணி வாய் திறக்குமுன் நீங்களே சொன்னீர்கள்.

“பொம்பளைங்க ஒதுங்குறதுக்கு ஆம்பளைகிட்ட கேட்டு நிக்கணுமாங்க, தொரை?”

அன்று மாலையே சாவி உங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டது. அதன்பின் நீங்கள் செய்த அதிகாரத்தைக் கங்காணிகூடச் செய்ததில்லை. பினாயில் ஊற்றி நீங்களே தேய்த்தீர்கள். சவுக்காரம் போட்டுக் கை கழுவாதவளுக்கு மறுநாள் சாவி கிடையாது. கங்காணி பெண்சாதியும் தப்பவில்லை. என் மகள் குறையில்லாமல் பிறந்தாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என் கையைச் சுரண்டிக் காதோடு சொன்னீர்கள்: “ஒதுங்கணும்டி. சத்தம் போடாத, ஆம்பளைங்க நிக்கிறாங்க.”

உங்களுக்கா வெட்கம்? எழுந்து நின்று, வார்டே திரும்பிப் பார்க்கும்படி நர்சைக் கூப்பிட்டு, என்ன வேண்டுமென்று கூச்சமில்லாமல் சொன்னேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். அந்தக் குரல் உங்களுடையது மதினி. எனக்கு வேண்டியதை இப்போதும் அந்தக் குரலில்தான் கேட்கிறேன்.