எழும்பாதவன்

1936 ஜூன் 2, செவ்வாய்

இன்று டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம். மில்லில் வேலை பார்க்கும் சங்கையா ஊசிக்குப் பயந்து வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏலே, வேட்டிய விடு. அங்கன நாங்க பாக்காதது ஒண்ணும் இருக்காது" என்றேன். அவன் சிரித்த நேரத்தில் டாக்டர் குத்திவிட்டார். இதுதான் என் உத்தியோகம். டாக்டர் குத்துவார், நான் பேசுவேன். மருந்து கலக்குவதும் கட்டுப் போடுவதும் ஊசியைக் கொதிக்க வைப்பதும் நடுநடுவே.

கொதிக்க வைக்கும்போதுதான் ஒரு வாடை. "யாருலே இங்கன கோழி வாட்டுறது?" என்றேன். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. குனிந்து பார்த்தேன். ஸ்பிரிட் விளக்குத் தீயில் இருந்தது என் இடது கை.

வலிக்கவில்லை.

ஜூன் 3

கொப்புளம் வந்திருக்கிறது. அதுவும் வலிக்கவில்லை.

ஜூன் 5

குஷ்டம் என்கிற பெருவியாதியோ என்று சந்தேகம் வந்தால் டாக்டர் கோழி இறகைக் கேட்பார். வந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு, இறகு படுகிற இடத்தை விரலால் காட்ட வேண்டும். இறகு பிடிப்பது நான். "கோழி எங்கய்யா மேயுது?" என்று கேட்பேன். பயந்தவர்களும் சிரித்துவிடுவார்கள்.

இன்று டாக்டர் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திவிட்டு நானே தடவிப் பார்த்தேன். முழங்கையில் கோழி மேய்ந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கோழியே இல்லை.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எழுந்து இருமல் மருந்து கலக்கினேன்.

ஜூன் 7, ஞாயிறு

வேதக் கோயிலில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும். எங்களுக்கு ஒரே பாத்திரம்தான், ஒவ்வொரு வாயாகப் போகும். வரிசை வந்ததும் எல்லோரும் எழும்பிப் பீடத்துக்குப் போனார்கள். நான் எழும்பவில்லை. எனக்குப் பின்னால் எத்தனை வாய்!

வரும் வழியில் இன்பம், "ஏன் எழும்பல?" என்று கேட்டாள்.

"கால் மரத்துப்போச்சுட்டி" என்றேன். பெண்டாட்டியிடம் சொன்ன பொய்யிலும் பாதி நிசம்.

ஜூன் 14

பாயைத் தனியாகப் போட்டுவிட்டேன். தட்டும் செம்பும் தனி. "ஒன் கொறட்டை தாங்க முடியல" என்றேன். "கொறட்டை விடுறது நீங்க" என்றாள். வாஸ்தவம்தான்.

ஜூலை 5, ஞாயிறு

இன்றும் எழும்பவில்லை. எங்கள் சபையில் திருவிருந்துக்கு எழும்பாதவன் பாவத்தில் இருக்கிறவன். குடிக்கவில்லை, திருடவில்லை என்றால் மிச்சம் ஒரு பாவம்தானே? சபையை நடத்தும் உபதேசியாரின் மனைவி செல்லக்கனி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கோயில் வாசலிலேயே இன்பத்திடம், "கட்டுப்போட எம்புட்டுப் பொம்பளைக வருதாளுக! ஒம் மாப்பிள்ளை வாய்க்கு எவ மயங்க மாட்டா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் இன்பம் கேட்டாள். "யாரு அவ?"

இந்த மூஞ்சிக்கு ஒருத்தி! வேறு நாளாக இருந்தால் உருண்டு சிரித்திருப்பேன். இன்று இல்லை என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வியாதி என்று தெரிந்தால் இவள் போக மாட்டாள். இன்னொருத்தி என்றால் போய்விடுவாள். போனால் ஒட்டாமல் தப்பிப்பாள்.

ஜூலை 9

மம்சாபுரத்துக்கு, தன் தம்பி வீட்டோடு போகிறாளாம். ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் வண்டி கிடைக்காது, தேர் முடியட்டும் என்றேன். போகட்டும் என்று நினைத்தவன் எதற்குத் தடுத்தேன்?

ஜூலை 24

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரில் மிதிபட்டவர்கள் இன்று வந்தார்கள். சமுத்திரம் கால் வீங்கி வந்தான். "தேரை நீ இழுத்தியாலே, தேர் ஒன்னைய இழுத்துச்சா?" என்றேன். சிரித்துக்கொண்டே தோல் கிழிந்த காலை என் கையில் கொடுத்தான். அந்தக் கையைப் பார்த்தேன். கட்டைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

அவரே இறகை எடுத்தார். "ஏமய்யா..." என்றார். தெலுங்கு அவருக்குத் தாய்மொழி; பதறினால் அதுதான் வரும். பிறகு தமிழில் சொன்னார்: தொட்ட உடனே ஒட்டுகிற வியாதி இல்லை, வாராவாரம் நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடுவோம், இனிமேல் கட்டுப் போட வேண்டாம், வாசலில் இருந்து ஆளைக் கூப்பிடு. வீட்டில் சொன்னாயா என்றார். இல்லை என்றேன்.

ஜூலை 26

இன்பம் மூட்டை கட்டிவிட்டாள். போவதற்கு முன் எனக்குக் கஞ்சி வைத்தாள். பொங்கியது. அவள் கரித்துணியைத் தேடுவதற்குள் நான் பானையை இறக்கி வைத்துவிட்டேன். வெறும் கையால்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "காப்பி சுட்டாலே தெருவக் கூட்டுற மனுசன்... கையக் காட்டுங்க."

காட்டவில்லை. எட்டிப் பிடித்தாள்.

"தொடாதட்டி! விடு... சொன்னாக் கேளு, பெருவியாதிட்டி, ஒனக்கும் ஒட்டிரும், விடு—"

விடவில்லை. கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப அவ எவளும் இல்லையா?" என்றாள்.

"எவளும் இல்ல."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் அழவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

ஜூலை 30

முதல் ஊசி. இன்பமும் வந்தாள். நான் அடுத்தவர்களுக்குச் சொல்கிற வேடிக்கையை எல்லாம் எனக்குச் சொன்னாள். ஒன்றும் சரியாகச் சொல்லவில்லை. நன்றாக வலித்தது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மூட்டை அவிழ்ந்துவிட்டது. கோயிலுக்குப் போனோம். வரிசை வரிசையாக எழும்பினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கம் பார்த்தால் இன்பமும் உட்கார்ந்திருக்கிறாள். செல்லக்கனி முழங்காலில் நின்றபடியே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஒனக்கு என்னட்டி? நீ எழும்ப வேண்டியதுதான? இனி ஒன்னையும்ல பேசுவாக."

"பேசட்டும். அவிய ஒருத்திய வச்சிருக்காக, நானும் ஒருத்தன வச்சிருக்கேன்னு நெனைச்சிட்டுப் போகட்டும்."

"யாருட்டி அவன்?"

"தேடிக்கிட்டு இருக்கேன். வாய் பேசாதவனா."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. முன்னால் போய்க்கொண்டிருந்த உபதேசியார் திடுக்கிட்டுத் திரும்பினார்.