மைதானத்து அடி மைதானத்தோடு

1996 ஓகஸ்ட் 3, சனி

வெக்கை. கீழறையில்கூட வேர்க்கிறது. கனடாக்காரன் ஒருவன் ஒலிம்பிக்கில் நூறு மீற்றர் ஓடி உலகத்துக்கே முதலாவதாக வந்து ஒரு கிழமை. யாழ்ப்பாணத்துச் சனம் வீடுவாசலை விட்டு மழையில் நடந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. இலுப்பைமுனையில் இப்போது ஆமி மட்டுமாம், ஆட்கள் இல்லை. ஊர் இல்லாவிட்டாலும் இலுப்பைமுனை ஐக்கிய விளையாட்டுக் கழகம் ரொறன்ரோவில் இருக்கிறது. நாளைக்கு பைனல். கல்லோடையோடு. பக்கத்து ஊர். வேறு யாரோடு.

இன்றைய வேலை: மூலைக்கொடி நாலு. பிளாஸ்ரிக் கம்பு காற்றுக்குச் சாய்கிறது என்று போன முறை ஒரே முறைப்பாடு. பழைய சாமான் கடையில் பனி தள்ளுகிற சவல்கள் கிடந்தன. தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிடியை மட்டும் எடுத்தேன். நல்ல மரம். நுனியைச் சீவி, மேலே சிவப்புத் துணி, இரண்டு ஆணி. ஊரில் பூவரசம் தடி. ஆள் உயரம், கைக்கு அடங்குகிற மொத்தம். ஒரு கொடிக்கு அவ்வளவு மொத்தம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. பின்னுக்கு விளையாடுகிறவனுக்குத் தெரியும், தன் கைக்குக் கிட்ட எந்தத் தடி என்று. எனக்கு வலது மூலை.

ரூபன் வேலையால் வந்து ஒன்றைத் தூக்கி இரண்டு தரம் வீசிப் பார்த்தான். என் தங்கச்சி பாக்கியத்தின் மகன். ஐக்கியத்தின் கப்டன். நான் இருப்பதும் அவர்களின் வீட்டில்தான், ரெக்ஸ்டேலில்.

"மாமா, உது கொடியோ உலக்கையோ?"

"கொடி."

"ஓமோம். கொடி."

சிரித்துக்கொண்டு மேலே போனான்.

பின்னேரம் செயலாளர் சிவநேசன். கழகத்தின் வரலாறு மலரில் வரவேண்டுமாம், பழைய ஆள் நான் ஒருவன்தானாம். மூன்றாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவன் நான், எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். சொன்னேன், அவன் எழுதினான். தொடங்கியது யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட வருஷம். முதல் ஆட்டம் கல்லோடையோடு. கோல் ஒன்றுக்கு ஒன்று. பல்லு மூன்றுக்கு ஐந்து. பெரும் புயல் அடித்த வருஷம் எங்கள் கோல் கம்பம் இரண்டையும் காணோம். கல்லோடைக்காரன்தான் களவெடுத்தான் என்று லொறி பிடித்துப் போனோம். போய்ப் பார்த்தால் அவங்களின் கம்பமும் இல்லை, கடல் கொண்டு போய்விட்டது. லொறி பிடித்துப் போனபடியால் அடித்துவிட்டுத்தான் வந்தோம்.

சிவநேசன் பேனையை மூடினான்.

"ராசண்ணை, உந்த அடிபிடிக் கதையள் வேண்டாம். கிண்ணம் எந்தெந்த வருஷம், அதைச் சொல்லுங்கோ."

"கிண்ணம் ரெண்டு. அதில ஒண்டை அவங்கள் தரேல்லை."

"அம்பத்தெட்டு பைனல்?"

"அது முடியேல்லை."

"டிரோவோ?"

"முடியேல்லை எண்டு எழுது, தம்பி."

அடிபிடியை எடுத்துவிட்டால் எங்கள் கழகத்துக்கு வரலாறு எங்கே இருக்கிறது?

ஓகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு வெயில். பிறம்ரன் பக்கத்து மைதானம். அடுத்த திடலில் அயர்லாந்துக்காரர். அவர்களின் பந்தாட்டம் வேறு மாதிரி. கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம், கம்பத்துக்கு மேலால் போனாலும் கணக்கு. ஒருவன் மற்றவனின் வாயில் முழங்கையால் இடித்தான். இரத்தம். மத்தியஸ்தர் பேரை எழுதினார். முடிந்தபிறகு இரண்டு பேரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தார்கள். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற மைக் என் வயதுக்காரன், அவர்களின் பழைய கப்டனாம். மூக்கு இரண்டு இடத்தில் வளைவு. அவர்களுடைய வரலாறும் அந்த மூக்கில் எழுதிக் கிடக்கிறது.

எங்கள் ஆட்டம்: ஐக்கியம் 1, கல்லோடை 2. இரண்டாவது கோல் டினேஸ் என்கிற பெடியன். அடித்துவிட்டு எங்கள் சனம் நின்ற பக்கம் ஓடிவந்து வாயில் விரல் வைத்துக் காட்டினான்.

பிறகு கார்கள் நிற்கிற இடம். நான் கொடிகளைப் பிடுங்கிக் கொண்டுவந்து ரூபனின் காரில் சாய்த்து வைத்திருந்தேன். டினேஸ் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான்.

"கேம் ஓவர், மான். கோ ஹோம்."

"ஹோமோ? எங்கையடா இருக்கு ஹோம்?" என்றான் ரூபன்.

அவன் கை தடிக்குப் போனதைக் கண்டேன். முதல் அடி முழங்காலில். பெடியன் குந்தினான். கிண்ணம் உருண்டது. இரண்டாவது தலையில். தேங்காய் உடைக்கிற சத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள், அப்படி இல்லை. ஈரச் சாக்கை நிலத்தில் போட்டது போல. மூன்றாவது, விழுந்த பிறகு. சிவப்புத் துணி நுனியில் ஆடிக்கொண்டிருந்தது.

கதவுகள் அடிபட்டன, கார்கள் பறந்தன. ஓடி வந்தது மைக் ஒருவன்தான். தன் சேர்ட்டைக் கழற்றிப் பெடியனின் தலையில் அமத்திப் பிடித்துக்கொண்டு ரெலிபோனுக்கு ஆள் அனுப்பினான். பொலிஸ் வந்து, கிடந்த தடியை எடுத்துக்கொண்டு, மிஞ்சி நின்றவர்களைக் கேட்டது. ஐக்கியம் சொன்னது, "காணேல்லை." கல்லோடையும் சொன்னது, "காணேல்லை." அடிபட்டவனின் சொந்தத் தமையன், கையெல்லாம் தம்பியின் இரத்தம், அவனும் "காணேல்லை."

காரில் ரூபன் கண்ணாடியால் என்னைப் பார்த்தான்.

"மாமா, நீங்கள் அந்தப் பக்கம் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்?"



ஓகஸ்ட் 5, திங்கள்

லீவு நாள். ரூபன் கார் கழுவுகிறான். காலையிலிருந்து கழுவுகிறான். டினேசுக்கு இன்னும் நினைவு வரவில்லையாம்.

சிவநேசன் வந்தான். தேத்தண்ணீர் குடித்தான். எழும்பும்போது, "மைதானத்து அடி மைதானத்தோட. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அண்ணை."

தேவையில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவர்களில் என் அப்பா ஒருவர். ஐம்பத்தெட்டு, கொழும்பில் கலவரம் நடந்து சனம் கப்பலில் வந்து இறங்கின வருஷம். எங்கள் தம்பி தவம் கோல்கீப்பர். பந்து கோட்டைத் தாண்டியது, தாண்டவில்லை என்று தொடங்கியது. தடி, கல், சைக்கிள் பம்ப். தவம் பந்தை நெஞ்சோடு பிடித்தபடி குனிந்து கிடந்தான், விடமாட்டான் அவன். பின்னால் வந்து எங்கள் மூலைக்கொடித் தடியாலேயே ஒருவன் போட்டான். பாயில் கிடத்தினோம். காதால் இரத்தம் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் முடிந்தது. பனையால் விழுந்ததென்று டொக்டரிடம் சொன்னோம்.

செத்தவீடு முடிந்த கையோடு இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பிள்ளையார் கோயிலில். கண்டவர்களைக் கூப்பிட்டுக் கற்பூரத்துக்கு மேலே கை பிடிக்க வைத்தார்கள். பொலிசுக்கும் சொல்வதில்லை, வீட்டிலும் சொல்வதில்லை. சொன்னால் ஊருக்கு ஊர் வெட்டு விழும். அப்பா தன் கையால் என் கையைப் பிடித்து நெருப்புக்கு மேலே வைத்தார். அடுத்த வருஷம் ஆட்டம் நடந்தது. ஒரு நிமிஷ மௌனம்கூட இல்லை.

பாக்கியம் அப்போது சட்டை போடுகிற பிள்ளை. அந்தக் கிழமை முழுக்க என் பின்னால் திரிந்து கேட்டாள். "அண்ணை, ஆர் அடிச்சது? அண்ணை, நீங்கள் கண்டனீங்கள்தானே?" காணேல்லை என்றேன்.

ஓகஸ்ட் 7, புதன்

மழை. இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு. வீட்டில் சொல்லவில்லை.

பெடியனின் வாயில் குழாய். தலை ஒரு பக்கம் பதிந்து கிடக்கிறது, எலும்பை எடுத்துவிட்டார்கள். தாய் கட்டிலுக்குப் பக்கத்தில்.

"ஐயா ஆர்?"

"இலுப்பைமுனை."

மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு திரும்பாமலே, "நேற்றுக் கால் விரல் ஆடினது," என்றாள்.

வெளியே கல்லோடைக் கழகத்தின் தலைவர் சின்னத்தம்பி. என் வயது. மில்லிக்கனில் மகளோடு இருக்கிறான். கலியாணவீடுகளில் காண்கிறது, தலையாட்டுகிறது, அவ்வளவுதான். இன்றைக்குக் கையை நீட்டினான். பெரிய கை, இன்னும் அப்படியே.

"ராசு, உங்கட பக்கம்தான் செய்தது. ஆரெண்டு சொல்லு. பொலிசுக்கு வேண்டாம். எனக்குச் சொல்லு. மிச்சத்தைப் பெடியள் பாப்பாங்கள்."

"மைதானத்து அடியெல்லோ, சின்னத்தம்பி?"

"அது அந்தக் காலம். உது பச்சைப்பிள்ளை." கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. "நீ சொல்லாட்டி அவங்கள் கையில ஆம்பிட்டவனைப் போடுவாங்கள். என்னால மறிக்கேலாது."

சொல்லவில்லை. கழுவுகிற இடத்தில் நின்று கையை நன்றாகச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன்.

ஓகஸ்ட் 8, வியாழன்

ஆம்பிட்டவன் கஜன். எங்கள் கோல்கீப்பர். பிட்சா கொண்டு போகிற பெடியன், சண்டைக்கே போகாதவன். பொய்யாக ஓடர் குடுத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். கதவு திறந்தபடியே வாள். பிட்சாப் பெட்டியைப் பிடித்தபடி கையை முகத்துக்குக் குடுத்திருக்கிறான். வலது கையில் பெருவிரல் மட்டும் மிச்சம்.

இனி இவர்கள் போவார்கள். பிறகு அவர்கள். எனக்குத் தெரிந்த வரலாறு இதுதான்.

சாப்பிடும்போது சொன்னேன், நாளைக்குப் பொலிசுக்குப் போறன்.

பாக்கியத்தின் கையில் கரண்டி நின்றது. ரூபன் எழும்பி என் சேர்ட்டைக் கழுத்தோடு பிடித்துச் சுவரில் சாத்தினான். தலை மோதியது. பல்லு நாக்கைக் கடித்து வாயெல்லாம் உப்பு.

"உங்களை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டது உதுக்கோ, மாமா? சொல்லுங்கோ, உதுக்கோ?"

"கஜன்ர கை உன்னாலயடா போனது."

ஒரு குத்து. எனக்கல்ல, என் காதுக்குப் பக்கத்துச் சுவருக்கு. சுவர் ஓட்டை. காகிதச் சுவர்தானே இங்கே. பிறகு அந்த ஓட்டைக்குள் கையை வைத்தபடியே நின்று அழுதான்.

பாக்கியம்: "விடடா அண்ணையை." என்னிடம்: "நீங்களும் வாயைத் தைச்சுக்கொண்டு கிடவுங்கோ. தவத்துக்கு ஆர் வந்து சாட்சி சொன்னவை? ஒருத்தரும் இல்லை. இப்ப ஆற்றையோ பிள்ளைக்காக என்ர பிள்ளையைக் குடுக்கப் போறியளோ?"

"தவத்துக்குச் சொல்லியிருந்தா..."

"சொல்லேல்லைத்தானே!"

நித்திரை இல்லை.

ஓகஸ்ட் 9, வெள்ளி

வெயில். நடந்தே போனேன். பொலிஸ் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் வாங்கில் குந்தியிருந்தேன். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை. மேசையில் பெரிய பிளாஸ்ரிக் பைக்குள் தடி. துணி கறுத்துக் காய்ந்து கிடந்தது.

"உது நான் செய்தது. ஆணி ரெண்டும் நான் அடிச்சது."

"அடிச்சது ஆர் ஐயா?"

"என்ர தங்கச்சியின்ர மகன். ரூபன்."

அந்தப் பிள்ளை இங்கிலீசில் சொல்லவில்லை. என்னையே பார்த்தது. "ஐயா, விளங்கித்தான் சொல்லுறியளோ?"

"ஓம் பிள்ளை. அவருக்குச் சொல்லுங்கோ."

சொன்னது. அதிகாரி எழுதினார். கஜனை வெட்டின கதையும் சொன்னேன், சின்னத்தம்பி ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தைகளும். கையெழுத்து என் முறை. எழுத்து வரியை விட்டு ஏறிப் போய்விட்டது.

மத்தியானம் ரூபனை வேலைத்தலத்தில் வைத்துப் பிடித்தார்கள். லொறிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றவனைக் கையைப் பின்னால் மடக்கி.

பாக்கியம் அடுப்பை நூத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தாள்.

ஓகஸ்ட் 10, சனி

விடிய வீட்டின் முன் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. செங்கல். எங்கள் பெடியளா, அவர்களா தெரியாது. கண்ணாடித் துண்டு கூட்டினேன். உள்ளங்கையில் வெட்டு.

சிவநேசனின் போன்.

"கமிற்றி கூடினது. உங்களைக் கழகத்தால எடுத்தாச்சு."

"சரி."

"மலரிலயும் உங்கட பேர் வராது. படத்திலயும் வெட்டுவம்."

"நான் இல்லாட்டி பின்னுக்கு ஆர் நிக்கிறது, தம்பி?"

வைத்துவிட்டான்.

மற்றது, கல்லோடைப் பெடியள் மூன்று பேரைப் பிடித்தாயிற்று. இன்றைக்கு ஒருவருக்கும் வெட்டு விழவில்லை. டினேஸ் கண் திறந்தானாம், தாயை யாரென்று தெரியவில்லையாம்.

சோறு கீழறைப் படியில் வைத்திருந்தது. மூடி. அவளைக் காணவில்லை.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

மப்பு. விளையாட்டு இல்லாத ஞாயிறு.

பத்துமணிபோல் பாக்கியம் இறங்கி வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. படியிலேயே நின்றாள். மூன்று நாளில் கிழவியாகிவிட்டாள்.

"என்ர பிள்ளையைக் காட்டிக் குடுத்த வாய்தானே. தவத்தை ஆர் அடிச்சது எண்டும் சொல்லட்டும்."

"பாக்கியம், கற்பூரத்தில கை வைச்சது..."

"அது வெள்ளிக்கிழமையே நூந்துபோச்சு."

நான் கட்டிலில் இருந்தேன். அவள் அசையவில்லை.

"ஆர் ஆர் கண்டவை? அதையாவது சொல்லுங்கோ."

சொன்னேன். மத்தியஸ்தர் சேவியர் வாத்தியார். பள்ளிக்கூட வாசலில் ஆமி சுட்டது. கோடு பார்த்த நாகமணி. கடலில் நேவி, உடம்பு கரைக்கு வரவில்லை. என்னோடு பின்னுக்கு நின்ற தில்லையர். வாழைத் தோட்டத்தில் ஷெல், பேரப்பிள்ளையோடு. அப்பா. கடைசிவரை அந்தப் பேரைச் சொல்லாமல், கட்டிலில்.

"அடிச்சவன்?"

"இருக்கிறான்."

"எங்கை? ஊரிலையோ?"

"இஞ்சதான். மில்லிக்கனில."

படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர்?"

சின்னத்தம்பி என்றேன்.