உப்புத்தரை தாங்காது

மார்ச் 3, 2118. காலை 7:10
வெண்களர் மேடு நிலையம், இமயத்துக்கு வடக்கே. உயரம் 5,100 மீட்டர். வெளியே மைனஸ் 19. பனியாறுகள் வற்றிய பிறகு இங்கே கல்லும் காற்றும்தான் மிச்சம். அதோடு நாற்பது கிலோமீட்டர் உப்புத்தரை. அடியில் சேறு. காலையில் உறைந்து கெட்டியாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் வண்டியைத் தாங்காது. தரைக்குள் நட்ட ஒலிக்கம்பிகள் வழியாக ஒவ்வொரு விரிசலையும் கேட்கிறேன். அறையைச் சூடாக்கும் மின்கலம் 9 சதவீதம். மாற்றுக்கலம் நாளை வருகிறது.

மாலை 4:30
கலத்தைக் கொண்டுவருவது இயக்குநர் தணிகைநாதனாம். தனியாக ஓட்டிவருகிறார். அவரோடு வர ஓட்டுநர் யாரும் சம்மதிக்கவில்லை. சம்மதிப்பார்களா? போன வருடம் பாதைத் திறப்பு விழா அவசரத்தில், வரைபடத்தில் நான் போட்ட எச்சரிக்கைக் கோட்டை அழித்தவர் அவர். அந்த வரைபடத்தை நம்பி நண்பகலில் வண்டி ஓட்டிப் புதைந்துபோனவன் என் கணவன் இளவழுதி. விசாரணையில் என்னைப் பற்றி அவர் எழுதிக்கொடுத்த வரி: ‘மங்கையர்க்கரசிக்கு மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு.’ நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

மார்ச் 4. காலை 11:20
வண்டி தென்கரையில். உரையாடல் பதிவு:
“மேடம், கெளம்பவே லேட்டாயிடுச்சு. குறுக்கே வரலாமா?”
“வராதீங்க சார். தரை தாங்காது. கரையோரமா சுத்தி வாங்க, ஆறு மணி நேரம் ஆகும்.”
“நீங்க இன்னும் மாறவே இல்லையே மேடம்.”
“வராதீங்க சார்.”
சிரித்துக்கொண்டே இணைப்பைத் துண்டித்தார்.

11:26
இதைக் கண்டெடுப்பவர் கவனிக்கவும். எப்போதும் எச்சரிக்கும் நான் ‘தாராளமா வாங்க’ என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டுச் சுற்றி வந்திருப்பார். அவர் பிழைக்க நான் ஒரு பொய் சொன்னால் போதும். தெரிந்தேதான் உண்மையைச் சொன்னேன். என் மின்கலமும் அந்த வண்டியில்தான் இருக்கிறது. அதுவும் தெரியும்.

11:52
கம்பி 14: சக்கர ஓசை. கம்பி 15: விரிசல்.
“மேடம், முன்சக்கரம் எறங்குது. கதவு தெறக்கல. என்ன பண்றது, சொல்லுங்க.”
“பதினாறாம் கம்பிகிட்ட இருக்கீங்க சார். இளவழுதி வண்டியும் அங்கதான் கெடக்கு.”
கம்பி 16: நான்கு நிமிடம் தட்டும் ஓசை. பிறகு இல்லை.

மாலை 5:45
மின்கலம் தீர்ந்தது. பென்சிலால் எழுதுகிறேன். மீட்புக் குழு வர ஒன்பது நாள் ஆகும். அறைக்குள் மைனஸ் 11. இது நடந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கிறது. விரல் மடங்கவில்லை. வரைபடத்தில் கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். யாரும் அழிக்காதீர்கள்

மைனஸ் 14
மிகைப்படுத்தவில்