உள்ளே துணி விடாத சட்டை

அன்பு மகளுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண் சிட்டுவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் கை கால் சுகத்தோடு இருப்பாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? அடுப்படியில் இருமினால் வாசலில் கேட்கும். உன்னிடம் நான் எதைப் பேசினாலும் அது சிட்டுவின் காதிலும் விழும். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது மீறுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்போடு நின்றவள் என்றாலும் இதை யாரிடமும் சொல்லி எழுத வைக்க எனக்கு மனசு வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரைப் பரீட்சையில் கணக்கில் அவள்தான் வகுப்பிலேயே முதல். பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, கணக்கு வாத்தியாரே என்னை வழியில் நிறுத்திச் சொன்னார். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி கேன்டீனில் அன்றைக்கு வெங்காயம் நறுக்கிய எல்லோருக்கும் சொன்னேன். "போதும் ஆயா, உங்க பேத்தி கலெக்டரே ஆனாலும் வெங்காயம் வெங்காயம்தான், வேகமா நறுக்குங்க" என்று சமையல் மாஸ்டர் கிண்டல் செய்தார். செய்யட்டும். குளியலறைக் குழாய் ஒழுகுவதை வீட்டுக்காரர் இன்னும் வந்து பார்க்கவில்லை. வாளி வைத்திருக்கிறேன்.

இனி சட்டை விஷயம்.

பள்ளிக்கூடம் திறந்தபோது அங்கே உன் தையல் கம்பெனி மெஷினில் நீ தைத்து அனுப்பினாயே, நீலச் சீருடைச் சட்டை, அதைப் பிரித்த அன்று நீ அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தாள். மெஷின் எண்ணெய் வாசனை அடிக்குது பாட்டி என்றாள். காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போட்டுப் பார்த்தால் பக்கவாட்டில் பிடித்தது, தோளிலும் பிடித்தது. கையைத் தூக்கினால் முதுகுப் பக்கம் விறைத்துக்கொண்டு நின்றது. நீ ஊரை விட்டுப் போகும்போது எடுத்த அளவை வைத்து, வருஷத்துக்கு இத்தனை என்று கூட்டித் தைத்திருக்கிறாய். உன்னைக் குறை சொல்ல முடியாது. இந்த வயசில் பெண் பிள்ளை எந்தக் கணக்குக்கும் அடங்கி வளர்வதில்லை. புது அளவு அனுப்பட்டுமா என்று நான் கேட்டபோது, "எம் பொண்ணு அளவு எனக்குத் தெரியாதாம்மா?" என்றாய். நீ அதைச் சொன்ன குரலைக் கேட்ட பிறகு அளவெடுக்கிற பேச்சையே விட்டுவிட்டேன்.

"பிடிக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க பாட்டி. அளவு தப்பிடுச்சுன்னு தெரிஞ்சா அங்க தனியா உக்காந்து அழுவாங்க" என்றாள். அப்படித்தான் அந்த வாக்கைக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் புது விதி வந்திருக்கிறது. உடம்பை ஒட்டிப் பிடிக்கிற உடுப்பு யாரும் போடக் கூடாது. போன வருஷம் மாடிப்படியில் நின்று இரண்டு பையன்கள் ஒரு பெண்ணைப் போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் படிப்பையே விட்டுவிட்டாள். அதற்காகப் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். உனக்குப் பதிலாக நான்தான் போனேன், முதல் வரிசையில் உட்கார்ந்தேன். விதிக்கு யார் யார் சம்மதம் என்று கேட்டபோது முதலில் எழுந்த கை என்னுடையது. அதில் எனக்கு வெட்கமில்லை. பெண் பிள்ளையை வைத்திருப்பவள் வேறு என்ன செய்வாள்?

விதி வந்ததும் விளையாட்டு டீச்சர் காலையில் கேட்டருகே நிற்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வர வர, இடுப்புக்குப் பக்கத்தில் சட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பாள். துணி கையில் வந்தால் உள்ளே போகலாம். வராவிட்டால் ஆபீஸ் அறையில் தொங்குகிற சாம்பல் நிறக் கோட்டை மேலே போட்டுக்கொண்டு அன்று முழுக்க இருக்க வேண்டும். யானைக்குத் தைத்த மாதிரி இருக்கும் அந்தக் கோட்டுக்குப் பிள்ளைகள் மூட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் மேல் இன்றைக்கு மூட்டை என்று முதல் மணிக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

சிட்டு அதைப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டாள். இடித்த புளி மாதிரி நின்றாள் என்று அந்த டீச்சரே என்னிடம் சொன்னாள். ஏன் இவ்வளவு இறுக்கமாகப் போட்டு வருகிறாய் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். அம்மா தைத்த சட்டை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால், உங்கம்மாவுக்கு அளவெடுக்கத் தெரியாதா என்று பத்துப் பேர் நடுவில் கேட்பார்கள் என்று பயந்திருக்கிறாள். இது அவள் என்னிடம் சொன்னதில்லை. நானாகப் புரிந்துகொண்டது.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து உனக்குப் போன் போட்டு, உங்கள் பெண் வேண்டுமென்றே விதியை மீறுகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ உடனே இவளைக் கூப்பிட்டாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், உன் சத்தம் அங்கே வரைக்கும் வந்தது. "யாருக்குக் காட்டறதுக்குடி இப்படி இறுக்கிப் போட்டுட்டுப் போற? நான் இங்க நாய் படாத பாடு படறது இதுக்குத்தானா?" என்றாய்.

நீ திட்டியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஷிப்டு முடிந்து வந்த அலுப்பில், கடல் தாண்டி இருப்பவளுக்கு யாரோ ஒருத்தி போன் செய்து உன் பெண் இப்படி என்றால், பெற்ற வயிறு கொதிக்கத்தான் செய்யும். ஆனால் அவள் உடம்பில் இருந்தது உன் கைத் தையல். அது உனக்குத் தெரியாது. அதைச் சொல்ல அவளுக்கு மனசில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, நான் பாதியில் விட்ட பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் நீ கூப்பிடும்போதெல்லாம் தலைவலி, படிக்கிறேன், தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்கிறாள். அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நீ நினைக்கிறாய். கோபமாக இருந்தால் நான் இத்தனை கவலைப்பட மாட்டேன்.

சட்டையை எடுத்துக்கொண்டு தெருமுக்குத் தையல்காரரிடம் போனேன். பக்கத்தில் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைத்துக் கொடுங்கள் என்றேன். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். "கம்பெனித் தையல் ஆயா. ஓரத்தை மெஷினே ஒட்ட நறுக்கிடுச்சு. உள்ள பிடிச்சு வெச்ச துணின்னு ஒண்ணுமே இல்ல, எதைப் பிரிச்சு எதை விடறது?" என்றார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ வீட்டில் தைத்த கவுனில் எல்லாம் உள்ளே மூன்று விரல் துணி மடித்து வைத்திருப்பாய். அங்கே நாள் முழுக்க வேறு மாதிரி தைத்துத் தைத்து உன் கைக்கு இது பழகிவிட்டது போலிருக்கிறது. இரண்டு பக்கமும் வேறு துணியில் பட்டை வைத்துத் தரேன் என்று அவர் கத்தரியை எடுத்தார். சிட்டு சட்டையைப் பிடுங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கிவிட்டாள்.

அவரிடமே தொளதொளவென்று புதுச் சட்டை ஒன்று தைக்கச் சொல்லலாம் என்று மறுபடி கூட்டிப் போனேன். டேப்பை எடுத்ததும் இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டாள். யாரையும் தொட விடவில்லை. கண்ணளவில்தான் தைத்துக் கொடுத்தார். அது ஆணியில் தொங்குகிறது. ஒரு நாளும் போடவில்லை. காலையில் நான் கேன்டீனுக்குக் கிளம்பும்போது அவள் எழுந்திருப்பதே இல்லை. என்ன போட்டுக்கொண்டு போகிறாள், எப்படி கேட்டைத் தாண்டுகிறாள் என்று எனக்குத் தெரியாது. சரி, பிரச்சினை தீர்ந்தது போலிருக்கிறது, புதுசைப் போடாமலே ஏதோ சமாளிக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அவள் எப்படிச் சமாளித்தாள் என்பது போன வாரம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கே ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். காலை வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். நான் போகும்போது ஆபீஸ் அறை பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். உன் சட்டைதான் போட்டிருந்தாள். அது அவளுக்குச் சரியாக இருந்தது, மகளே. பிடிக்கவில்லை, விறைக்கவில்லை. டீச்சர் கிள்ளினால் கையில் வரும் அளவுக்குத் துணி இருந்தது. சட்டை பெரிதாகவில்லை என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கட்டி வைத்துவிட்டுப் போகிற டப்பாவை இத்தனை நாளும் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னது. ராத்திரி என் எதிரில் உட்கார்ந்து பிசைவாள், நாலு வாய் உள்ளே போகும், வயிறு ரொம்பிடுச்சு என்பாள். ஊருக்கே சமைக்கிற கை இது. என் வீட்டுத் தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கவில்லை.

பெரிய டீச்சர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கெட்டவள் இல்லை, பாவம், அவளும் இரண்டு நாள் தூங்காத முகமாக இருந்தாள். "நீங்கதானேம்மா கூட்டத்துல மொதல்ல கை தூக்கினீங்க? பிள்ளைங்க பாதுகாப்புக்குத்தானே இதெல்லாம்?" என்றாள். ஆமாம், நான்தான் தூக்கினேன், இன்றைக்குக் கேட்டாலும் பிள்ளைகள் மரியாதையாக உடுத்தி வரட்டும் என்றுதான் சொல்வேன் என்றேன். ஆனால் படம் பிடித்தது பையன்கள். அவர்களை ஒரு நாள் யாராவது கேட்டில் நிறுத்தி, போனை வாங்கிப் பார்த்ததுண்டா? துணியைக் கிள்ளிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வளர்கிற பிள்ளையின் உடம்பைத்தானே கிள்ளிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். நானும் ஜெயித்துவிட்டு வந்தேன் என்று நினைக்காதே. விதி அப்படியேதான் இருக்கிறது. மறுநாளும் விளையாட்டு டீச்சர் கேட்டில் நின்றாளாம். உடம்பு தேறிய பிறகு அனுப்புங்கள், முழுப் பரீட்சைக்குள் வந்தால் போதும் என்று சொல்லி இவளை என்னோடு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிடிவாதமாய் அந்தச் சட்டையைத் துவைத்து, காய வைத்து, மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்கிறாள். பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சிட்டு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு மறுபடி பக்கத்தைப் பார்க்கிறாள். கஞ்சி கொடுத்தால் குடிக்கிற மாதிரி செய்கிறாள். நான் கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். நேற்றுக் கையை ஓங்கிவிட்டேன். அவள் ஒதுங்கக்கூட இல்லை.

புதுசு தைத்து அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. இன்னொரு பொட்டலம் வந்து, அதுவும் சேராமல் போனால், இவள் அதற்கும் தன்னைக் குறைத்துக்கொள்வாள். மன்னிப்புக் கேட்டும் அழாதே. நீ அழக் கூடாது என்றுதானே அவள் இத்தனையும் செய்தாள். நீ அழுதால் பட்டதெல்லாம் வீண் என்று நினைப்பாள். ஒன்று மட்டும் செய். கூப்பிடு. தலைவலி என்றால் நான் போனை அவள் காதில் வைத்துப் பிடிக்கிறேன். அந்தச் சட்டை சின்னதாகிவிட்டது, கழற்றி வைத்துவிடு, நீ பெரிய பெண்ணாகிவிட்டாய் என்று உன் வாயால் சொல். கோபமில்லாமல், சாதாரணமாக, நீ எப்போதும் பேசுகிற மாதிரி சொல். நான் சொன்னால் அவளுக்கு அது வெறும் சட்டைப் பேச்சு. வளர்ந்தது தப்பில்லை என்று நீ சொல்லித்தான் அவள் நம்ப வேண்டும்.

வர முடியுமா என்று கேட்கக் கூடாதென்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் பாஸ்போர்ட் அந்தக் கம்பெனிக்காரன் கையில் இருப்பதும், நீ பாதியில் கிளம்பினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கிறேன். பரீட்சைக்கு முன்னால் ஒரு நாலு நாள் வந்து போக வழியிருக்கிறதா, பார்.

அங்கே மெஷின் ஓடுகிற நேரத்தில் நீயும் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாய் என்று உன்னோடு வேலை செய்கிற பெண் ஒருமுறை போனில் சொன்னாள். அப்படிச் செய்யாதே, கண்ணு. நேரத்துக்கு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. இந்த வீட்டில் இப்போது நான் சொல்லி யாரும் சாப்பிடுவதில்லை. நீயாவது சாப்பிடு.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா