கிடைக்காத பாட்டில்

மார்ச் 4

என் மாமனாரைக் குடிகாரர் ஆக்கியது இந்தக் குடும்பம். இப்போது என் கணவனைத் திருட்டுத்தனமாகப் புகைப்பவன் ஆக்கிக்கொண்டிருக்கிறது.

மாமனாரை நான் பார்த்ததில்லை. ஈரல் சுருங்கிச் செத்தார். ஈரல் என்றால் குடி. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அத்தை பரண், மாவு டப்பா, தண்ணீர்த் தொட்டி என்று ஓரிடம் விடாமல் பாட்டில் தேடியிருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. "அவரை மாதிரி கெட்டிக்காரக் குடிகாரன் பொறக்கணும்" என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாட்டில் கிடைக்காததே குடித்ததற்குச் சாட்சி!

இன்று, இருமிக்கொண்டே வந்த மகனின் சட்டையை அத்தை முகர்ந்து பார்த்தார். வார்னிஷ் வாசம்தான். "ஏதோ போட்டு மறைக்கிறான்" என்றார்.

மார்ச் 5

படியேறும்போது அவன் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சிரைக்க நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரை அணைந்திருந்தது.

மார்ச் 12

மார்பு டாக்டர். எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு அவன் நகத்தைப் பார்த்தார். கறை படிந்த தச்சன் நகம்.

"எத்தனை வருஷமா சிகரெட்?"

"தொட்டதே இல்ல சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

ஒரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். டை கட்டியவன் இருமினால் அலர்ஜி. கை காய்த்தவன் இருமினால் சிகரெட். இதற்குத்தானா இத்தனை படிப்பு?

நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நான் செய்யாத தப்புக்கெல்லாம் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பது என் வேலை. எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அவன் எதற்குத் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்?

மார்ச் 29

பட்டறைக்குப் போனேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் மரப்பட்டறை. ஜன்னல் ஒன்று, அதுவும் பலகை சாய்த்து அடைபட்டது. இவன் மேஜைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறான், மரத்தூள் புகை மாதிரி எழும்புகிறது. பக்கத்தில் இவன் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், வாயில் நிஜப் புகை.

"என்னம்மா, தம்பி ஒளிஞ்சு ஊதறானான்னு துப்பறிய வந்தியா?"

"ஒளியாம ஊதறவரைத்தான் பாத்துட்டு இருக்கேன் அத்தான்."

சிரித்தார். "நான் அப்பா மாதிரி இல்ல. ஒரு சொட்டு தொட்டதில்ல."

குடிக்காததையே பெரிய தவமாக நினைத்துக்கொண்டு நுரையீரலைக் கொளுத்திக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 16

வேறு ஆஸ்பத்திரி. காலை முழுக்க பெஞ்சில் காத்திருப்பு. இந்த டாக்டரம்மா நகத்தைப் பார்க்கவில்லை. "வீட்ல யாருக்காவது ஈரல் நோய் இருந்ததா?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு. குடிச்சு..." என்று இழுத்தான்.

"குடிச்சதை யாரும் பாக்கல டாக்டர்" என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

மே 3

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதிவைக்கிறேன்.

ஈரல் ஒரு புரதம் செய்கிறது. ரத்தத்தோடு போய் நுரையீரலுக்குக் காவல் நிற்பது அதன் வேலை. இவனுக்கு அது கோணலாக உருவாகி ஈரலிலேயே சிக்கிக்கொள்கிறது. தூசியோ கிருமியோ உள்ளே போனால் உடம்பு ஆட்களை அனுப்புகிறது. தடுக்கக் காவல் இல்லாததால், வந்தவர்கள் கள்ளனோடு சேர்த்து வீட்டுச் சுவரையும் இடித்துவிடுகிறார்கள். சிலருக்கு நுரையீரல் போகும், சிலருக்கு ஈரல், சிலருக்கு இரண்டும்.

"உங்க மாமனாருக்கும் இதுவா இருந்திருக்கலாம். இனி நிரூபிக்க முடியாது" என்றார். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று கோளாறு இரண்டு பக்கமும் வந்தால்தான் இப்படி ஆகுமாம். அண்ணனுக்கும் இருக்கலாம், உடனே சோதிக்க வேண்டும்.

போன நுரையீரல் திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். தூசி கூடாது, புகை கூடாது, தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி. வாராவாரம் நரம்பில் ஏற்றும் மருந்தும் இருக்கிறதாம். எங்கே? அதை வாங்கக்கூடியவர்கள் இருக்கும் ஊரில்.

வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "அப்பா குடிக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டான்.

மே 4

வீட்டில் சொன்னோம். அத்தை எகிறினார். "என் பக்கமாவா? எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இருமல்கூட கிடையாது." கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "சாப்பாட்டை ஒதுக்கி வச்சாரே... போதையில ஒதுக்கறார்னு தட்டைப் பிடுங்கினேனே" என்றார்.

பெரியவர்: "நான் குதிரை மாதிரி இருக்கேன். எனக்கு எதுக்கு ரத்த டெஸ்ட்?"

ஜூன் 10

இப்போது இவன் பட்டறைக்கு உள்ளே போவதில்லை. வெளியே போய் அளவெடுப்பது, முன்னறையில் மேஜை நாற்காலிக்கு வரைபடம் போடுவது. "தம்பி துரை ஆயிட்டார்" என்று பெரியவர் நக்கலடிக்கிறார்.

காலையில் உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுவது போல மெல்ல ஊதும் பயிற்சி. "நிஜமாவே ஊதற ஆளாயிட்டேன்" என்கிறான். சிரித்தால் இருமல் வருகிறது. வந்தாலும் சிரிக்கிறான்.

ஜூலை 7

அத்தை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு ரத்தம் கொடுக்க வந்தார். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பவில்லை.

ஜூலை 25

அத்தையிடமும் அந்தக் கோளாறில் பாதி இருக்கிறது. முடிவைக் கேட்டவர் நேரே பட்டறைக்கு நடந்தார். பெரியவரின் சட்டைப்பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை உருவிப் பசை டின்னில் போட்டு அமுக்கினார்.

"அம்மா! என்ன இது?"

"பாட்டில் தேடின கைடா இது. இனிமே இதைத் தேடும்."

"உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு."

"அப்ப பிடிச்சிருந்தது. இப்பத்தான் தெளிஞ்சிருக்கு."

பெரியவர் அடுத்த தெருவுக்குப் போய்ப் புகைத்துவிட்டு வந்தாராம்.

ஆகஸ்ட் 18

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. வீட்டு ஓனருக்குத் தரைத்தளம், அவருக்கென்ன. இவன் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே, ஆமை மாதிரி, எங்கும் நிற்காமல் எங்கள் மாடிவரை ஏறிவிட்டான். கதவைத் திறக்கும் சத்தம் மேலே கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது.

எங்களோடு வந்த பெரியவரைக் காணவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில், ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் போன். நான் இறங்கிப் போனேன். திரை அணைந்திருந்தது.

"போனை உள்ள வைங்க அத்தான். நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. கையை நீட்டி ரத்தம் குடுக்கறீங்க. சரின்னு சொல்லுங்க."

அவர் கட்டைவிரல் அந்தக் கறுப்புத் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க அத்தான்."