அக்காவின் ஆறு வாரங்கள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை இந்தத் தடவை அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டது. இருக்கிறோம், அவ்வளவுதான். போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும், நானும் பாதியிலேயே அழுதுவிடுவேன். அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதும்மா, ஆனா சினிமா ஆக்கிடாத என்றாள்.

அவள் உயிரை விடப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் பிழைத்ததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர், வாரம் ஒரு தடவை கவுன்சலிங்குக்கு வரணும், ஆறு தடவைதான், இந்தக் கண்டத்தைத் தாண்டறவரைக்கும் ஒரு துணை மாதிரி என்றார். ஒரு மனசு ஆறு தடவையில் சரியாகிவிடுமா என்று உன் அப்பா வழியெல்லாம் முணுமுணுத்தார். வந்த அன்றே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். மருந்துகளைப் பூட்டி வைத்தது டாக்டர் சொல்லி, தாழ்ப்பாள் இவருடைய சொந்த யோசனை. பிறகு என்ன, உள்ளே ஆள் இருப்பது தெரிய எல்லோரும் இருமிக்கொண்டே குளித்தோம். உன் அப்பா பாடவே ஆரம்பித்துவிட்டார், அவர் குரல்தான் உனக்குத் தெரியுமே. அக்கா குளிக்கப் போனால் மட்டும் நான் துணி மடிக்கிற சாக்கில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்சம் நின்றால் போதும், கதவைத் தட்டிவிடுவேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாள்.

கவுன்சலிங் அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்து மாடியில் இருக்கிறது. நாலு நாற்காலி, கிறீச்சென்று சுற்றும் ஒரு ஃபேன், ஜன்னலுக்குக் கீழே வண்டிகள் நிறுத்துமிடம். அந்தக் கவுன்சலர் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், எப்போது பார்த்தாலும் ஜலதோஷம். முதலில் சில வாரங்கள் நான் வெளியே பெஞ்சில்தான். என்னடி பேசினே என்றால் சும்மாதான் என்பாள். அப்புறம் ஒரு வாரம் எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். நாங்க என்ன குறை வச்சோம் என்று உன் அப்பா தொடங்கினார். அக்கா குனிந்த தலை நிமிராமல், ஒரே காரணம் இருந்தா நானே சொல்லியிருப்பேன்பா, நாள் பூரா அடுத்தவங்களுக்குப் பல் செட் செஞ்சிட்டு வீட்டுக்கு வந்தா தூக்கம் இல்ல, கட்டினவர் விட்டுட்டுப் போனது, எல்லாம் சேர்ந்து அமுக்கிடுச்சு, சாகணும்னுகூட இல்ல, அந்த வலி நிக்கணும்னு இருந்துச்சு என்றாள். இப்ப எல்லாரும் என்னையே பாக்கறீங்க, யாரும் எங்கிட்ட கேக்க மாட்டேங்கறீங்க என்றும் சொன்னாள். கேட்டால் மறந்ததை நினைவுபடுத்தின மாதிரி ஆகாதா என்றேன் நான். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேக்கறதால அந்த நினைப்பு வந்துடாதும்மா, உள்ள இருந்தா வெளிய வரும், சுத்தி வளைக்காம கேளுங்க என்றாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது கேட்டேன். இன்னைக்குச் சாகணும்ங்கற நினைப்பு வந்துச்சாடி என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்துவிட்டு, காலைல பஸ்ல வந்துச்சு, இப்ப இல்ல என்றாள். சரி என்று மட்டும் சொல்லி அடுத்த தட்டை நீட்டினேன். பெற்ற வயிறு கேட்கிற பதிலா அது. ஆனால் குளியலறை வாசலில் உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டதற்கு இது எவ்வளவோ தேவலை, அங்கே உட்காருவதை விட்டுவிட்டேன். இப்போது தினமும் கேட்கிறேன். இல்லை என்கிற நாளும் உண்டு, ஆமாம் என்கிற நாளும் உண்டு. ஆமாம் என்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருப்பேன்.

போன வாரத்தோடு ஆறும் முடிந்தது. இன்னும் கொஞ்ச நாள் வரட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். இனிமே மாசாமாசம் டாக்டர் பார்ப்பார், வேற ஒரு கவுன்சலர்கிட்டயும் சொல்லியாச்சு, அவசரம்னா யோசிக்காம இங்க வந்துடுங்க என்றாள் அந்தப் பெண். பிறகு அக்காவிடம், தாங்க முடியாத நேரம் வந்தா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க என்று கேட்டாள். என்னைத்தான் சொல்லப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தம்பியை என்றாள். அவ்வளவு தூரத்துல இருக்காரே, எடுப்பாரா என்றதற்கு, எடுக்க மாட்டான், எப்பவும் மீட்டிங்தான், ஆனா அவன்கிட்டதான் நான் நல்லா இருக்கற மாதிரி நடிக்க வேண்டாம் என்றாள். எடுக்கலன்னா என்று கேட்ட பிறகுதான், அம்மா என்றாள்.

சின்னவனே, உன் வேலை எனக்குத் தெரியும். இருந்தாலும் போனில் அவள் பெயர் வந்தால் எந்த மீட்டிங்காக இருந்தாலும் எழுந்து வெளியே வந்துவிடு. புத்தி சொல்லாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்துவிடாதே. நேராகக் கேள், அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிரு, இன்னொரு போனில் என்னைக் கூப்பிடு, நான் அவள் பக்கத்தில் போய்ச் சேரும்வரை லைனை விடாதே. மற்ற நாட்களில் பழையபடி அவளோடு சண்டை போடு, அது அவளுக்கு வேண்டியிருக்கிறது.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நேரத்துக்குத் தூங்கு. உனக்கும் என்றைக்காவது மனசு தாங்காமல் போனால், அம்மா பாவம் என்று மறைக்காதே. எனக்கு இப்போது கேட்கத் தெரியும்.

உங்கள் இருவருக்கும்
அம்மா