சகலைக்கு நான் சொன்ன வண்டி

நவம்பர் 10, ஞாயிறு

புகை. தொண்டை கரகர. பத்தரை மணிக்குத்தான் வெயில் என்று ஒன்று வந்தது. மோதி பாக் குவார்ட்டர்ஸ் பால்கனியில் பழைய ரிமோட் வண்டியைப் பிரித்துப் போட்டேன். பின் ஷாக்கில் எண்ணெய் கசிவு. கியரில் பல் தேய்ந்துவிட்டது. ஆறு வருடம் ஓடிய வண்டி, இனித் தாங்காது. டிசம்பர் பந்தயத்துக்குப் புதிதுதான் வாங்க வேண்டும்.

பதினொன்றுக்கு துவாரகாவிலிருந்து பாலுவும் மனைவியும். என் மனைவி சுமதியின் தங்கை கணவன், எனக்குச் சகலை. டி.ஜி.எம். ஆகிவிட்டானாம். ஒரு கிலோ காஜு கத்லி. சுமதிக்கு வாயெல்லாம் பல்.

"உங்களுக்கு எப்பங்க அடுத்த புரமோஷன்?" என்று அவன் எதிரிலேயே கேட்டாள்.

"சீனியாரிட்டி லிஸ்ட் கோர்ட்ல இருக்கு" என்றேன். எத்தனையாவது தடவையோ.

அவன் பெயரை முழுசாக எழுதக்கூட எரிச்சல். இனி பா.

பா.விடம் உள்ளவை: சொந்த ஃபிளாட். பதவி. தலை நிறைய முடி. மாமனார் ஊரிலிருந்து வந்தால் தங்குவதும் அங்கேதான். ("அங்க லிஃப்ட் இருக்குல்ல, மாப்ள.")

என்னிடம் உள்ளது: இந்த வண்டி ஓட்டம். இதில் மட்டும்தான் நான் முன்னால், அவன் பின்னால். மூன்று வருடம் முன்பு அவனை மைதானத்துக்கு அழைத்துப் போய்ப் பழக்கியதும் நானே. சொந்தக் காசில் சூனியம்.

கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான்: "சகல, நானும் புது பக்கி வண்டி வாங்கப் போறேன், ரேஸுக்கு. டூ வீல் டிரைவ். எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு என்ன தெரியும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆபீஸ். லஞ்ச் நேரம். எலுமிச்சை சாதம், உப்பு தூக்கல்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஓட்டப்போவது நஜஃப்கர் தாண்டி சௌத்ரி என்கிற விவசாயியின் நிலத்தில். அடியில் இறுகிய மண், மேலே மைதா தூவிய மாதிரி தூசி. காலையில் பனி ஈரம், மதியம் காய்ந்த புழுதி. இரண்டிலும் வழுக்கல்.

— மோட்டார் பின் அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எடை பின் சக்கரத்தின் மேல் உட்காரும், சக்கரம் தரையைப் பிடிக்கும்.
— நடு மோட்டார் வண்டி கம்பளம் விரித்த உள்ளரங்கக் களத்துக்கு. தூசியில் திருப்பினால் வால் தலையை முந்தும்.
— டயர் மிருதுவாக, குட்டி முள்ளோடு.
— ஷாக்கில் மெல்லிய எண்ணெய். வண்டி வளைவில் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கட்டும். விறைத்து நின்றால் வழுக்கும்.
— பேய் வேக மோட்டார் வேண்டவே வேண்டாம்.

யூடியூபில் எல்லாரும் நடு மோட்டார், நடு மோட்டார் என்கிறார்கள். அவர்கள் ஓட்டுவது கம்பளத்தில். சௌத்ரியின் புழுதியை அவர்கள் கண்டார்களா?

ஆக, பின் மோட்டார். எனக்கும் அதுதான், பா.வுக்கும் அதுதான். நாளை போன் செய்ய வேண்டும். ஷாக் எண்ணெய், பால் கார்டு, கரண்ட் பில்.

நவம்பர் 13, புதன்

எழுதவே கை கூசுகிறது.

சாப்பிடும்போது சுமதி: "பாலு ஒண்ணு எடுத்தா முடிக்காம விடமாட்டார். பாருங்க, இந்த வண்டியிலயும் உங்களத் தோக்கடிச்சுருவார்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து அவனே போன்.

"நடு மோட்டார் வாங்குங்க பாலு" என்றேன். "இப்ப எல்லாரும் அதுதான்."

"அச்சா! நீங்க சொன்னா சரி, சகல."

மறு கேள்வி கிடையாது. ஏன், எதற்கு, ஒன்றும் இல்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நவம்பர் 16, சனி

மெட்ரோவில் கரோல் பாக். சர்தார்ஜி கடை. உள்ளே நுழைந்ததுமே, "ஆப்கே சாடூ பாய் கல் ஹீ லே கயே, ஜி!" சாடூ என்றால் இந்தியில் சகலை. நேற்றே வாங்கிப் போய்விட்டானாம். நடு மோட்டார். அந்தப் புழுதிக்கு இது சரிவராதே என்று சர்தார்ஜியே சொல்லிப் பார்த்தாராம். என் சகலை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றானாம் பா.

சொல்லிவிட்டு சர்தார்ஜி என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூ பாக்கெட்டுகளைப் பார்த்தேன். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி.

இப்போது நான் எதை வாங்குவது? பின் மோட்டார் வாங்கினால் குட்டு வெளிப்படும். நடு மோட்டார் வாங்கினால் நானும் வழுக்குவேன். அரை மணி நேரம் நின்றேன். இரண்டு டீ. கடைசியில் பின் மோட்டார்தான். பின்பக்கம் நன்றாக இறங்கி மூடுகிற கூடாகப் பார்த்து வாங்கினேன். மேலே மாட்டிவிட்டால் மோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஐம்பது வயதில் பொம்மை வண்டிக்கு முக்காடு.

நவம்பர் 24, ஞாயிறு

பயிற்சி. மைதானத்தில் நல்ல குளிர். பா.வின் வண்டி ஒவ்வொரு வளைவிலும் பம்பரம். பதினைந்து சுற்றில் ஒன்றுகூட ஒழுங்காக முடிக்கவில்லை. என்னுடையது கோடு போட்ட மாதிரி போயிற்று. அவன் மேஜைக்கு எட்டத்தில், சௌத்ரியின் டிராக்டர் பக்கம் கடை விரித்தேன். கூட்டைக் கழற்றவே இல்லை. பாட்டரி மாற்றக்கூடத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பா. வந்தான். முகமெல்லாம் புழுதி. "என் கைதான் சரியில்ல, சகல. வண்டி நீங்க சொன்னது. வண்டியில குத்தம் இருக்காது."

சந்தோஷம். இங்கே பொய் எழுத மாட்டேன், சந்தோஷம்தான். வீடு வரும்வரை இருந்தது.

நவம்பர் 28, வியாழன்

மூக்கடைப்பு. ஆவி பிடித்தேன்.

சுமதி தங்கையோடு போனில் பேசியதிலிருந்து: பா. தினமும் காலை ஐந்தரைக்குக் கீழே கார் பார்க்கிங்கில் கோலமாவைத் தூவி அதன் மேல் வண்டி ஓட்டிப் பழகுகிறானாம். வாட்ச்மேன் சண்டைக்கு வருகிறாராம். "எங்க வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடிச்சுருச்சுக்கா" என்று ஒரே சிரிப்பு.

கோலமாவு! இது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஆறு வருடமாக ஓட்டுகிறேன். அவனுக்குத்தான் தோன்ற வேண்டுமா?

டிசம்பர் 3, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று முடிவு. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, சர்தார்ஜியிடம் மாற்றிக்கொள்ளலாம். சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயார்: "பாலு, நான் அவசரத்துல தப்பாச் சொல்லிட்டேன்." அவசரம் என்பதும் பொய்தான். இருந்தாலும் பாதி உண்மை வருமே.

போன் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன் அவன்: "சகல, நல்ல வேளை நீங்களே கூப்பிட்டீங்க. மாமா ஞாயித்துக்கிழமை வர்றாரு. நம்ம ரெண்டு பேர் ரேஸும் பாக்கணுமாம். டிக்கெட் நான் போட்டுட்டேன், ஏசி டூ டயர்."

"ரொம்ப நல்லது" என்று வைத்துவிட்டேன்.

மகள் திவ்யா பார்த்துக்கொண்டிருந்தாள். "பப்பா, ஆப் ஜல் ரஹே ஹோ க்யா? சித்தப்பா பேரு வந்தாலே உங்க மூஞ்சி இப்டி ஆயிடுது." பொறாமையா என்று கேட்கிறாள். பதினாறு வயது. தமிழ் படிக்க வராது, அதனால்தான் இதை மேஜை மேலேயே வைக்க முடிகிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

ஜெயித்தேன்.

காலையில் மூடுபனி. மைதானம் சவுக்காரம் மாதிரி வழுக்கல். பா. தகுதிச் சுற்றில் ஏழாவது, ஆகவே இறுதிக்கு வரவில்லை. நான் வந்தேன். மாமனார் மங்கி குல்லாயோடு பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்தில் சுமதி.

இங்கே ஒரு வழக்கம். முந்தைய பந்தயத்தில் ஓட்டியவர்கள் அடுத்த பந்தயத்துக்கு வளைவுகளில் நிற்க வேண்டும். யார் வண்டி கவிழ்ந்தாலும் ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வேண்டும். பா.வுக்கு மூன்றாவது வளைவு கிடைத்தது.

கடைசிக்கு முந்தைய சுற்று. நான் முதல். ஐந்து நொடி பின்னால் குர்கான் பையன் துரத்திக்கொண்டு வந்தான். மேட்டில் தாவியபோது முன்சக்கரம் தட்டிற்று. இரண்டு பல்டி. கூடு கழன்று தனியே பறந்தது. வண்டி மல்லாக்க, அம்மணமாக, பா.வின் காலடியில்.

குனிந்து எடுத்தான். ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. அவன் பார்வை பின் அச்சுக்குப் போனது, அதற்குப் பின்னால் இருக்கிற மோட்டாருக்குப் போனது. அவன் பார்த்தான். ஒரு மூச்சு நேரம் கையில் வைத்திருந்தால் போதும், நான் தொலைந்தேன். கை வழுக்கியது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

வைத்துவிட்டான். அப்போதே. சக்கரம் பாதையைப் பார்க்க, நேராக. வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

அரை வண்டி நீள வித்தியாசத்தில் ஜெயம். மாமனார் எழுந்து நின்று கை தட்டினார். "சபாஷ், மாப்ள!" எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

பா. கூட்டை எடுத்துக்கொண்டு வந்தான். புழுதியைத் தட்டி நீட்டினான். "உடையல, சகல. அடுத்த தடவ நல்லா மாட்டிட்டு வாங்க." அவன் காரில்தான் எல்லாரும் திரும்பினோம். வழியெல்லாம் மாமனாருக்கு மூட்டுவலி டாக்டர் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

அவன் வண்டி என் காலடியில் கவிழ்ந்திருந்தால்? எனக்குத் தெரியும். மூன்று நொடி பிடித்து வைத்திருப்பேன். குறைந்தது மூன்று.

ஜெயித்ததிலிருந்து வயிறு எரிகிறது. முன்னைவிட அதிகமாக.